பாக்கி கேட்கும் தெய்வங்கள்

2025 ஆகஸ்டில் மலையாள ‘லோகா’ வந்து, கள்ளியங்காட்டு நீலி பெங்களூரு ரவுடிகளைத் துவைத்தெடுத்த நாளிலிருந்து ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. நம் நாட்டார் தெய்வங்கள்தான் நம் சூப்பர் ஹீரோக்களாம். சுடலைமாடன், இசக்கி, கருப்பன், முனி எல்லோரையும் ஒரே கயிற்றில் கோத்து ஒரு ‘யுனிவர்ஸ்’ கட்டிவிட்டால் தமிழ்த் தொலைக்காட்சிக்கும் ஓடிடிக்கும் விடிந்துவிடுமாம். தூத்துக்குடி மாப்பிள்ளையூரணியில் உப்பளக் காற்று வாங்கிக்கொண்டு இதைக் கேட்கும்போது சிரிப்பு வருகிறது, கொஞ்சம் எரிச்சலும். பேசுகிறவர்கள் ஒரு கோயில் கொடையாவது விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

தொடக்கத்தை வேகமாகக் கடந்துவிடலாம், எல்லோரும் பார்த்ததுதான். 1987 ஜனவரியில் ராமானந்த் சாகரின் ராமாயணம், மறு ஆண்டு அக்டோபரில் சோப்ராவின் மகாபாரதம். டிவிப் பெட்டிக்கு மாலை போட்டார்கள். சீதையும் ராவணனும் 1991இலேயே நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். ராமர் 2024 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. 1997இல் சக்திமான் சுழன்றுகொண்டே வந்தார். ஏழு சக்கரம், குண்டலினி, கடைசியில் குழந்தைகளுக்கு ஓர் அறிவுரை. தெய்வத்தைப் பின்னால் தள்ளிவிட்டு யோகா வகுப்பை முன்னால் வைத்த தொடர் அது. ‘சாரி சக்திமான்’ என்று சொல்லிவிட்டால் போதும், எந்தப் பாவமும் தீர்ந்தது.

இந்தத் தெய்வங்களின் முகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ரவிவர்மா என்பார்கள். பாதிதான் சரி. தமிழ் வீடுகளின் சுவருக்கு அந்த முகத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் மாவட்டத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976). நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிய கை அது. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் சிவகாசியில் அச்சாகி, மளிகைக்கடைக் காலண்டராக ஊர் ஊராகப் போனார்கள். கொழுகொழுக் கன்னம், நிலையான புன்னகை, தூசு படாத பட்டு. ராஜு பெரிய கலைஞர், குறை அவரிடம் இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பாருங்கள்: யார்மீதும் வருத்தம் இல்லை, யாரிடமும் வரவேண்டிய பாக்கி இல்லை. தொலைக்காட்சி அந்த முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அதே மாவட்டத்தின் சுடுகாட்டில் நின்ற இன்னொரு முகம் அதன் கண்ணில் படவில்லை.

ஒரே ஒருமுறை பட்டது. 1990களின் பிற்பாதியில், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில் நாகா இயக்கிய ‘மர்மதேசம்’. அதிலும் ‘விடாது கருப்பு’. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’தான் அதன் மூலம். 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது ‘அமானுஷ்ய எழுத்தாளர்’ என்று இரண்டு பத்தி எழுதி முடித்தார்கள். தமிழ்த் தொலைக்காட்சியில் நாட்டார் தெய்வத்தின் மீது அக்கறையோடு ஒரு கேள்வி கேட்ட மனிதருக்கு அவ்வளவுதான் இடம்.

அந்தத் தொடரில் என்ன இருந்தது? ராத்திரியில் ஒரு குதிரைக் குளம்போசை. தப்பு செய்தவன் விடிந்தால் அடிபட்டுக் கிடப்பான். தண்டித்தது கருப்புசாமியா, கருப்புசாமியின் பெயரில் ஒரு மனிதனா? ஒருபக்கம் கிராமம், மறுபக்கம் சென்னையில் மனநோயைப் பற்றிய விசாரணை. தொடர் இரண்டு பதிலையும் கையில் வைத்துக்கொண்டே நடந்தது. பணமில்லாத காலத்து கேமரா என்பதால் தெய்வத்தை முழுக்கக் காட்ட வழியில்லை. அந்த வறுமையே வரமாயிற்று: தெய்வத்தைக் காட்டாமல் தெய்வத்துக்குப் பயந்தவர்களின் முகத்தைக் காட்டினார்கள். யார் பயப்படுகிறான், எதற்குப் பயப்படுகிறான் என்று தோண்டத் தோண்ட அந்த ஊரின் பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது.

பிறகு கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மலிந்தது, நாகங்கள் பெருகின. 2017இல் சன் டிவியில் ‘நந்தினி’, விஜய் டிவியில் ‘தமிழ்க் கடவுள் முருகன்’. பக்திக்குப் பக்தி, பறப்பதற்குப் பறத்தல். எல்லைக்காவல் நின்ற அம்மன் எல்லாம் பார்வதியின் அம்சம், மாடன் எல்லாம் சிவகணம். ஊர் பேர் இல்லாத தெய்வங்கள், எந்த ஊர் வில்லனுக்கும் பொருந்துகிற சூலம். யுனிவர்ஸ் இனிமேல்தான் கட்டவேண்டும் என்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: எப்போதோ கட்டி, வெள்ளையடித்து, குடியும் வந்தாயிற்று.

சுடலையின் கதையை வில்லுப்பாட்டில் கேட்டவர்கள் அவருக்கு முதுகில் துணி கட்டிப் பறக்கவிடத் துணிய மாட்டார்கள். கைலாசத்தில் விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை, சுடுகாட்டுப் பிணம் தின்றதால் பூமிக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. மலையாள நாட்டில் காளிப்புலையன் என்ற மந்திரவாதியோடு மோதி, அவன் மகள் மாவிசக்கியைக் கெடுத்து, பிறகு நிறைசூலியான அவளையே பலியாகக் கேட்கிறார். இது நாயகனின் கதை அல்ல. இதைப் பாடும்போது கூட்டத்தில் ஒருவரும் கைதட்டுவதில்லை. சாமி வேட்டைக்குப் போகும் நேரம் வந்தால் எதிரே ஆள் வரக்கூடாது என்று கதவைச் சாத்துகிறார்கள். 1970களில் நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டைப் பின்தொடர்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வந்த தன் நூலில் இரண்டு வகை பிரித்தார்: கைலாசத்தில் பிறந்து வந்த தெய்வங்கள், மண்ணில் கொல்லப்பட்டுத் தெய்வமானவர்கள். இரண்டாவது வகைக்கு இங்கே ‘வெட்டுப்பட்ட வாதை’ என்று பெயர். பாபநாசம் சொரிமுத்தையன் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டன் அப்படி ஒருவன். பிராமணப் பிள்ளை, சக்கிலியர் வீட்டு அக்கா தங்கை இருவரை மணந்தவன், மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன்.

சூப்பர் ஹீரோவுக்கு முதலில் சக்தி வரும், பிறகு கடமை. எங்கள் சாமிக்கு முதலில் அநியாயச் சாவு, பிறகுதான் சக்தி. கொன்றவன் குடும்பமே கும்பிடுகிற கோயில்கள் இங்கே உண்டு. அவர்கள் கும்பிடுவது அன்பினால் என்று யார் சொன்னது?

சக்தி என்றாலே கணக்கு என்பது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாவைக் கட்ட ‘கடல்கட்டி’ என்று ஒருவர் இருப்பார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதுகிறார்: மீனை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு. கட்டு பகலுக்கு மட்டும்தான்; ராத்திரி அவிழ்த்துவிடுவார்கள், திருட்டுக் குளிப்புக்கு ஆள் இறங்காமல் இருக்க. என்ன ஏற்பாடு பாருங்கள்! நேரம், எல்லை, கூலி மூன்றும் பேசி முடித்த அமானுஷ்ய சக்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் குளிப்பைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட் இன்னொன்று சேர்க்கிறார்: அப்போதைய கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ரோமன் கத்தோலிக்கர். மந்திரம் பலிக்க மதம் தடையில்லை என்று கடலில் இறங்குகிறவர்கள் நினைத்தார்கள்.

இங்கேதான் நம் தொடர்களின் வறுமை அப்பட்டமாகத் தெரிகிறது. அமெரிக்கத் தொடர்களில் ‘டேர்டெவில்’ பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறான், ‘மிஸ் மார்வெல்’ பெண் பள்ளிவாசலுக்குப் போகிறாள். ‘மூன் நைட்’டில் எகிப்தியத் தெய்வம் கோன்ஷு சாகக் கிடக்கும் ஒருவனிடம் பேரம் பேசி அவன்மேல் இறங்குகிறது. எனக்கு அதில் நம்மூர் சாமிகொண்டாடி தெரிந்தார். இவ்வளவு செலவில் அவர்கள் செய்ததில் அது ஒன்றுதான் கணக்கு தெரிந்த தெய்வம். நாமோ 2018இல் ‘பிளாக் பாந்தர்’ படத்தில் ஒரு பாத்திரம் அனுமன் பெயரைச் சொன்னதைச் சத்தமில்லாமல் வெட்டியவர்கள். தமிழ் மாயத் தொடர்களில் கிறிஸ்தவர் என்றால் பேய் ஓட்டச் சிலுவையோடு வரும் ஃபாதர்தான். ஏழு கடல்துறைக்கும் ஏக அடைக்கலத் தாய் என்று பரதவர் அழைக்கும் பனிமய மாதா இங்கே தூத்துக்குடியில் இருக்கிறாள். 1707இல் கோயிலில் விழுந்த இடியைத் தன் காலடியில் அணைத்தவள் என்று ஊர் நம்புகிறது. ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் போகிறார்கள். ஆனால் எந்த யுனிவர்ஸ்காரரும் அவளை அழைக்கவில்லை. வ.உ.சி. கல்லூரியில் தமிழ் கற்பித்த ஆ. சிவசுப்பிரமணியன் போன்றவர்கள் இந்தக் கரையின் தர்காவையும் தேவாலயத்தையும் மாடனையும் ஒரே மேசையில் வைத்து வாழ்நாளெல்லாம் எழுதியிருக்கிறார்கள். திரைக்கதை எழுதும் அறைக்குள் அந்த நூல்கள் போனதாகத் தெரியவில்லை.

‘சுழல்’ இரண்டாம் பருவம் (2025 பிப்ரவரி) பக்கத்தில் வந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். காளிபட்டணம் என்று ஒரு கற்பனைக் கடலோர ஊர், அஷ்டகாளித் திருவிழா, ஒரு வழக்கறிஞர் கொலை, எட்டுப் பெண்கள். குலசேகரன்பட்டினம் தசராவைப் பார்த்தவர்களுக்கு வேஷமெல்லாம் தெரிந்த வேஷம். வண்ணமும் தாளமும் அபாரம். ஆனால் எட்டுக் காளியும் எட்டுக் குறியீடாக நின்றுவிட்டார்கள். காளி கட்டுகிறவருக்கு அது குறியீடா?

தசரா சமயம் எங்கள் தெரு டீக்கடை வாசலில் ஒரு காளி வந்து குத்தவைத்தது. இருபது வயதுப் பையன். சிவப்புப் புடவை, சடைமுடி, கிரீடம், இரண்டு தோளிலும் அட்டைக் கைகள். வீரப்பல்லைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தான் கொண்டுவந்த பாட்டிலில் தண்ணீர் குடித்தான். 41 நாள் விரதம். கடைத் தண்ணீர் தொடமாட்டான்.

“எலே, ஸ்பைடர்மேன் வேஷம் கட்டுனா எடை கொறைவா இருக்கும்லா?” என்றார் பெஞ்சில் இருந்தவர்.

“அது நேத்திக்கடன் இல்லையே அண்ணாச்சி” என்றான்.

கடைக்காரரின் மனைவி பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, “தாயே, இவனுக்குத் திருநீறு பூசி விடு” என்று குனிந்தார். பையன் அவசரமாகப் பல்லை மாட்டிக்கொண்டு எழுந்தான். பல் இல்லாத காளி பூசக்கூடாதோ என்னவோ. தட்டில் இருபது ரூபாய் விழுந்தது. கூட வந்த குழுக்காரர் நாற்பது பக்க நோட்டில் தெருவையும் தொகையையும் எழுதினார். அந்தப் பணம் குலசையில் முத்தாரம்மன் உண்டியலுக்குப் போய்ச் சேரவேண்டும்.

இந்த நோட்டை விட்டுவிட்டுக் கிரீடத்தை மட்டும் படம்பிடிக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். தொலைக்காட்சித் தொடர் என்பது சினிமாவைவிட வில்லுப்பாட்டுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் நாள் கணக்கில் நீள்கின்றன, இரண்டும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. இந்த நீளத்தை வைத்துக்கொண்டு சண்டைக்காட்சியா எடுப்பது?

நீலியையே எடுத்துக்கொள்ளுங்கள். முற்பிறவியில் அவளைக் கொன்றவன் இப்பிறவியில் வணிகனாகப் பழையனூருக்கு வருகிறான். கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் மன்றத்தில் முறையிடுகிறாள்: இவர் என் புருஷன், சேர்ந்து வாழ மறுக்கிறார். அவள் சொல்வது பொய், வழக்கு நிஜம். வணிகன் அலறுகிறான். பிள்ளை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. எழுபது வேளாளர் கூடி யோசித்து, இவருக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிர் பிணை என்று வாக்குக் கொடுத்து இருவரையும் ஓர் அறைக்குள் அனுப்புகிறார்கள். விடிந்தால் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

‘லோகா’வின் நீலிக்கு இந்த எழுபது பேர் தேவைப்படவில்லை. கதையே அவர்களுடையது. நல்லவர்கள், படித்தவர்கள், ஒரு பெண்ணுக்கு நியாயம் செய்வதாக நம்பியவர்கள். அன்று ராத்திரி எழுபது வீட்டிலும் விளக்கு எரிந்திருக்கும், என்னென்னவோ பேசியிருப்பார்கள். வணிகன் அழுதுகொண்டே உள்ளே போனபின் அந்தக் கதவுக்குத் தாழ் போட்ட கை எழுபதில் யாருடையது என்று நான் கேட்ட பாட்டில் சொல்லவில்லை. தொடர் எழுத வருகிறவர் அங்கிருந்து தொடங்கலாம்.