பின்கட்டுக்குப் பின்னால்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஒரு பகல் முழுக்க அலைந்தேன். நிலைக்கதவு, மரத்தூண், எனாமல் தூக்கு, ரவிவர்மா அச்சுப்படம் என்று இடிக்கப்பட்ட வீடுகள் துண்டுதுண்டாக விலைக்கு நிற்கின்றன. ‘அசல் செட்டிநாடு சார்’ என்றார் கடைக்காரர். எது அசல்?

தூண் பர்மாத் தேக்கு. கண்ணாடி பெல்ஜியம். பளிங்கு இத்தாலி. மண்ணின் மணம் என்று நமக்கு விற்கப்படுவதில் பாதி கப்பலில் வந்தது. கப்பலுக்கான பணம் கடல்கடந்த லேவாதேவியில் வந்தது. அதன் மறுபக்கம் 1930களின் பெருமந்தத்தில் தெரிந்தது: நெல்விலை சரிய, கடனடைக்க வழியற்ற கீழ்பர்மா விவசாயிகளிடமிருந்து முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் ஏறக்குறைய 25 சதம் 1938க்குள் செட்டியார்கள் வசமானது. அவர்கள் விரும்பி எடுத்த நிலமல்ல என்று ஒரு வாதம் உண்டு. இழந்தவனுக்கு அதில் என்ன ஆறுதல்? ஆக ‘உள்ளூர்’ என்ற இந்தப் பிரதிக்குள் பர்மா விவசாயி அழிக்கப்பட்ட எழுத்தாக இருக்கிறான்.

சுற்றுலாப் பயணி முன்னரங்கத்தில் திருப்தியடையாமல் பின்னரங்கத்தைத் தேடுகிறான், அந்தப் பின்னரங்கமும் அவனுக்காகவே ஜோடிக்கப்படுகிறது என்று டீன் மெக்கன்னல் 1973இல் எழுதினார். செட்டிநாட்டு வீட்டில் இதற்கு உவமை தேவையில்லை, கட்டடமே முன்கட்டு, பின்கட்டு என்றுதான் இருக்கிறது. ஓட்டலாகிவிட்ட வீடுகளில் இன்று பயணியைப் பின்கட்டு அடுப்படிவரை கூட்டிப்போய் அம்மியில் மசாலா அரைத்துக் காட்டுகிறார்கள். அவனும் வீட்டின் அந்தரங்கத்தையே தொட்டுவிட்டதாகத் திரும்புகிறான்.

நான் மட்டும் யோக்கியமா? பேரம்பேசி ஒரு எனாமல் தூக்கு வாங்கினேன். அப்படியொரு வீட்டில் பாத்திரம் கழுவிய என் அத்தையிடம் காட்டினேன். திருப்பித்திருப்பிப் பார்த்துவிட்டு, ‘காசு குடுத்தா வாங்குனே?’ என்றாள். அடுப்படி காட்டுவதைச் சொன்னேன். ‘அதுக்கும் பின்னாடி, கொல்லை வாசல்ல நாங்க உக்காந்து சாப்பிட்ட எடத்தைக் காமிக்கிறாகளா?’

இல்லை. மெக்கன்னலின் பின்னரங்கத்துக்கும் பின்னால் ஒரு வாசல் இருக்கிறது. அதை ஜோடித்து விற்க முடியாது, காட்டினால் சரக்கு விலை இறங்கிவிடும். பாரம்பரியத்தைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டைக் காப்பாற்றுகிறவர்கள் கொல்லை வாசலை அடைத்துவிட்டுக் காப்பாற்றுகிறார்கள் என்கிறேன். எழுதுகிற நாமும் ‘வட்டார மணம்’ என்று கொண்டாடும்போது எந்தக் கட்டோடு நின்றுவிடுகிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தூக்கு இப்போது அத்தை வீட்டில். உப்பு போட்டு வைத்திருக்கிறாள்.