ஜாஹிழும் டார்வினும்: ஒரு வாசிப்பின் பிழை

இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டை டார்வினுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிழ் கண்டறிந்துவிட்டார் என்னும் கூற்று நம்மவர் சொற்பொழிவுகளிலும் மலர்க் கட்டுரைகளிலும் அடிக்கடி ஒலிக்கிறது. பரிணாமத்தை மறுப்போரே இதனையும் பெருமிதத்துடன் எடுத்துரைப்பதுதான் விந்தை. மறுக்கும் பொருளுக்கே உரிமை கோரும் இம்முரண், மூலநூலையும் கோட்பாட்டையும் அருகருகே வைத்துப் படிக்காததால் விளைந்தது.

ஹிஜ்ரி 255இல் (கி.பி. 868-69) மறைந்த ஜாஹிழின் ‘கிதாபுல் ஹயவான்’ ஏழு பாகங்களாலான பெருநூல். தன்னினும் எளியதைத் தின்னும் எலி, தன்னைத் தின்னும் பாம்புக்கு அஞ்சி வாழ்வதை அதில் நுட்பமாக விவரிக்கிறார். கரும்பாறை நிலத்தில் வாழும் மாந்தரும் விலங்குகளும் கருநிறம் கொள்வதையும் அவர் கவனித்துள்ளார். படைப்பில் அமைந்த ஹிக்மத்தைப் புலப்படுத்துவதே அவர் நோக்கம்.

ஆனால் 1858இல் டார்வினும் வாலஸும் முன்வைத்த வாதம் வேறு. ஓரினத்தின் உயிர்கள் தமக்குள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடுகளுள் சில சந்ததிக்கு இறங்குகின்றன. சூழலுக்கு இசைந்த வேறுபாடு உடையவை மிகுதியான சந்ததியை விட்டுச் செல்கின்றன. ஜாஹிழ் கூற்றில் நிலமே உயிரின் நிறத்தை மாற்றுகிறது. டார்வின் கூற்றிலோ, முன்பே கருமை வாய்ந்தவை அந்நிலத்தில் தப்பிப் பெருகுகின்றன; தலைமுறைதோறும் மாறுவது தனியுயிரன்று, கூட்டமே.

இவ்வேறுபாட்டின் ஆழத்தை உணர நம் தென்காசி, குற்றால மலைப்புறமே போதும். இங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைச் செங்கோட்டைக் கணவாய் அறுத்துச் செல்கிறது. அதன் தெற்கே, அகத்தியமலைத் தொடரின் உயர்ந்த சோலைகளில் ‘சோலைக்கிளி’ எனப்படும் சிறு பறவை வாழ்கிறது; பெயரில் கிளி இருப்பினும் அது கிளியன்று. கணவாய்க்கு வடக்கே வாழும் அதன் உறவிலிருந்து இது வேறான இனம் என்பதை 2017இல் ஆய்வாளர் மரபணு முதலிய சான்றுகளால் நிறுவினர். உயரத்தை விட்டு இறங்காத பறவைக்குத் தாழ்ந்த கணவாய் கடலுக்கு ஒப்பாகும். பிரிந்த கூட்டங்கள் தனித்தனியே மாறின. அம்மாற்றத்தில் தேர்வின் பங்கு எவ்வளவு, தற்செயலின் பங்கு எவ்வளவு என்பது தனி வினா. இக்காட்டில் எலியைப் பாம்பு தின்பதை விளக்க ஜாஹிழ் போதும். கணவாயின் இருபுறமும் ஈரினம் தோன்றியது ஏன் என்பதற்கு அவரிடம் விடை தேடுவது அவர் கேளாத வினாவை அவர்மீது சுமத்துவதாகும்.

ஜாஹிழின் பெருமைக்கு டார்வினின் மகுடம் தேவையில்லை. எல்லாம் நம்மிடம் முன்பே உண்டு எனக் கேட்டுப் பழகிய மாணவர் ஜாஹிழையும் ஓதுவதில்லை, டார்வினையும் பயில்வதில்லை. ஏற்பதாயினும் மறுப்பதாயினும், ஒருவர் சொன்னதை அவர் சொன்னவாறே விளங்கிக்கொள்வது இல்மின் முதல் அமானிதம்.