நானூறு ரூபாய்ச் சோற்று உருண்டை

ஹோட்டலில் இட்லி கல் மாதிரி இருந்தால் என்ன செய்வீர்கள்? சர்வரைக் கூப்பிட்டு, 'என்னப்பா இது, காலைல சுட்டதா?' என்று ஒரு பிடி பிடிப்பீர்கள். அதே நீங்கள், நானூறு ரூபாய் சுஷி கல் மாதிரி இருந்தால் சத்தம் போடாமல் விழுங்கிவிட்டு, 'இதெல்லாம் நம்ம நாக்குக்குச் சரிப்படாதுப்பா' என்று எழுந்து வந்துவிடுவீர்கள். இந்தக் கூச்சத்தை மூலதனமாகப் போட்டு ஒரு வியாபாரமே நடக்கிறது.

சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டல். பெயர் வேண்டாம். அக்கா பையன் முதல் சம்பளம் வாங்கியிருந்தான். 'பிரியாணி எப்ப வேணா சாப்பிடலாம் மாமா, சுஷி நான் சாப்பிட்டதே இல்ல' என்று அழைத்துப் போனான். கறுப்பு கிரானைட் சுவர், காகித விளக்கு, காதுக்கு இதமாகப் புல்லாங்குழல். ஒரு குட்டி மரப் படகில், டிரை ஐஸ் புகை சூழ, எட்டு நிகிரி வந்து இறங்கின. பக்கத்து டேபிள்காரர்கள் செல்போனை எடுத்துவிட்டார்கள். சாமி புறப்பாடு மாதிரிதான் இருந்தது.

வாயில் போட்டால் சோறு ஜில்லென்று இருக்கிறது. ஜில்லென்று மட்டுமல்ல, விறைத்துப் போய், பருக்கை பருக்கையாகப் பல்லில் இடறுகிறது. ராத்திரி மிஞ்சிய சோற்றை ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த ருசி தெரியும். குளிரில் அரிசியின் மாவுச்சத்து இறுகிவிடுகிறது. நம் வீட்டுப் பழையதாவது தண்ணீரில் கிடந்து மெத்தென்று இருக்கும்.

சுஷி என்றாலே பச்சை மீன் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை, அந்தச் சொல் குறிப்பது புளிப்புச் சோற்றை. வெறும் மீன் துண்டுக்கு சஷிமி என்று தனிப் பெயர் இருக்கிறது. ஒரு காலத்தில் மீன் கெடாமல் இருக்க, உப்பிட்டு, சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைத்தார்கள். அந்தப் புளிப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு அவ்வளவு நாள் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் சோற்றில் வினிகர் சேர்த்தார்கள். 1820-களில் இன்றைய டோக்கியோவான எடோவில், ஹனாயா யோஹேய் போன்றவர்கள் சோற்றைக் கையில் பிடித்து, மேலே மீன் வைத்து உடனே கொடுத்தார்கள். கையேந்தி பவன் சமாசாரம்தான்! கையால் எடுத்துச் சாப்பிட்டால் இன்றைக்கும் ஜப்பானில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அந்தச் சோறு உடம்புச் சூட்டில் இருக்கவேண்டும். விரலில் பிடித்தால் நிற்கவேண்டும், வாயில் போட்டால் உதிரவேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒஸாகா போயிருந்தபோது, பெல்ட்டில் தட்டுகள் சுற்றி வருகிற ஒரு சாதாரணக் கடையில் சாப்பிட்டேன். இந்த வகைக் கடையே 1958-ல் அந்த ஊர்ப் பக்கம் பிறந்ததுதான். தட்டு நூறு யென் சொச்சம், சோறு பிடிப்பது ஒரு மெஷின். அந்த மெஷின் பிடித்த சோறுகூட வெதுவெதுப்பாக இருந்தது.

சர்வரைக் கூப்பிட்டுக் கேட்டேன். 'ஜப்பான்ல இப்படித்தான் சார், கோல்டா சாப்பிடுவாங்க' என்றார். பாவம், அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். அக்கா பையன் என் முழங்கையைப் பிடித்து, 'விடுங்க மாமா, எனக்குத்தான் சுஷி பிடிக்கல போல' என்றான். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். பத்துப் படிக்கட்டு ஏறி, முதல் சம்பளத்தைச் செலவழிக்க வந்த பையனை, 'குறை உன் நாக்கில்தான்' என்று நம்பவைத்து அனுப்புகிறார்களே!

டோக்கியோ கின்ஸாவில் ஜிரோ ஓனோவின் கடை ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. கவுன்ட்டரில் பத்து நாற்காலி, கழிப்பறைகூடக் கடைக்கு வெளியேதான். 2007-ல் வந்த முதல் டோக்கியோ மிஷலின் கையேட்டில் அந்தக் கடைக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார்கள். 2011-ல் அவரைப் பற்றி வந்த ஆவணப்படத்தில் அவருடைய அரிசி வியாபாரி வருகிறார். ஒரு பெரிய ஹோட்டல் அதே அரிசியைக் கேட்டதாம். வாங்கி என்ன பயன், வடிக்கத் தெரியவேண்டாமா என்று மனிதர் கொடுக்கவில்லை. பி.காம். படித்த புத்திக்கு இங்கே ஒரு கணக்கு தோன்றுகிறது. நம் ஹோட்டல்காரர் கிரானைட்டுக்கும் படகுக்கும் புகைக்கும் போட்ட பணத்தில், மத்தியானம் வடித்ததை ஃபிரிட்ஜில் தள்ளாமல் ராத்திரிக்குத் தனியாக வடிக்க ஓர் ஆளைப் போட்டிருக்கலாம். எட்டு நிகிரிக்கும் சேர்த்து நூற்றைம்பது, இருநூறு கிராம் சோறு வருமா?

மீனைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீஸரில் வைத்த மீன் என்று குறை சொல்லக்கூடாது. புழு பூச்சி சாகவேண்டும் என்றால் மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் வைக்கச் சொல்கிறது அமெரிக்க விதி. அன்றைக்குச் சால்மன் பரவாயில்லை. டூனாவைச் சரியாக உருகவிடாததால் தண்ணீர் விட்டிருந்தது. வசாபி, பச்சைச் சாயம் போட்ட குதிரை முள்ளங்கி. ஜப்பானிலேயே பெரும்பாலும் அதுதான் என்பதால் மன்னிக்கலாம். ஆனால் மெனு கார்டில் 'அசல் வசாபி, அப்போதே துருவியது' என்று எதற்கு அச்சடிக்கவேண்டும்?

பில் 6,250. அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் 625, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. ஆக, 8,112 ரூபாய் 50 காசு. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சொன்னேன். மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டு 7,375-க்குப் புது பில் வந்தது. கேட்பவர்களுக்கு என்று இன்னொரு பில் தயாராகவே இருக்கும்போலிருக்கிறது.

மிசோ சூப்பைச் சொல்லாமல் விட்டால் தூத்துக்குடிக்காரர்கள் கோபிப்பார்கள். அந்த சூப்புக்கு ஆதாரம் கட்சுவோபுஷி. சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, விறகுக்கட்டை மாதிரி காயவைத்துச் சீவிப் போடுவது. அட, நம்ம மாசி! மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் இதே சூரையை ஏறக்குறைய இதே பக்குவத்தில்தான் மாசியாக்குகிறார்கள். ஆகவே அந்த வாசனைக்காக நாம் ஜப்பான் போய்ப் பாடம் படிக்கவேண்டியதில்லை. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனேன். வெந்நீரில் கரைத்த உப்பு வாசனைதான் வந்தது. கிண்ணம் 450 ரூபாய்.