இதுல நான் எங்கடா இருக்கேன்?

அக்கா முழுசாகக் கேட்டாள். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "எல்லாம் சரிதான், இதுல நான் எங்கடா இருக்கேன்?" என்றாள்.

அவளைப் பற்றித்தான் அந்தக் கதையே. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அவள் கோவில்பட்டி பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனாள். நான் கல்லூரிக்குப் போனேன். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று பல வருடமாக எனக்குள் ஒரு உறுத்தல். அதை ஒரு டிஜிட்டல் கதையாகச் செய்யக் கற்றுக்கொண்டு, செய்தும் முடித்திருந்தேன்.

டிஜிட்டல் கதை என்றதும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியை நினைத்துவிட வேண்டாம். 1990களில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் உருவான ஒரு வடிவம் இது. டேனா ஆட்ச்லி என்ற நிகழ்த்துகலைஞர் மேடையில் ஒரு வீடியோ திரையையே கணப்பு நெருப்பாக எரியவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தன் வாழ்க்கைக் கதைகளைச் சொல்வார். நாடகத்துறையிலிருந்து வந்த ஜோ லாம்பர்ட்டும் நினா முல்லனும் அவரோடு சேர்ந்து, இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று பட்டறைகள் நடத்த ஆரம்பித்தார்கள். உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு கதை, சுமார் 250 சொற்களில் ஒரு ஸ்கிரிப்ட், உங்கள் குரல், உங்கள் வீட்டு ஆல்பத்துப் படங்கள். எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று நிமிடம், அவ்வளவுதான்.

2001-இல் பிபிசி வேல்ஸ், கார்டிஃப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 'கேப்சர் வேல்ஸ்' என்று பெயர். அதன் பின்னால் இருந்தவர் டேனியல் மெடோஸ் என்ற புகைப்படக்காரர். 1970களில் ஒரு டபுள்டெக்கர் பஸ்ஸில் இங்கிலாந்து முழுக்கச் சுற்றி, வழியில் பார்த்தவர்களை இலவசமாகப் படம் எடுத்துக் கொடுத்தவர். மற்றவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஆள், அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்ளும் வேலைக்கு வந்து சேர்ந்தார். இந்த வடிவத்தை அவர் சானெட்டோடு ஒப்பிட்டார். நமக்கு வெண்பா ஞாபகத்துக்கு வரலாம். இறுக்கமான அளவு தானே பாதி எழுதிவிடும் என்கிற நம்பிக்கை இரண்டிலும் உண்டு.

எனக்கு அந்த நம்பிக்கையில்தான் முதல் விரிசல் விழுந்தது. 250 சொல் என்பது ஆங்கிலக் கணக்கு. "போகவேண்டியிருந்ததால்" என்பது நமக்கு ஒரு சொல், அவர்களுக்கு நாலைந்து. என் 250 சொல்லை வாசித்தபோது மூன்றரை நிமிடம் தாண்டியது. இன்னொரு தொல்லையும் இருந்தது. நான் எழுதியது எழுத்துத் தமிழ். "என் அக்காள் தன் படிப்பை நிறுத்திக்கொண்டாள்" என்று மைக் முன்னால் படித்தால் ஆகாசவாணி செய்தி மாதிரி இருக்கிறது. லாம்பர்ட் சொன்ன ஏழு கூறுகளில் உங்கள் சொந்தக் குரலும் ஒன்று. ஆனால் எழுதிவைத்துப் படிப்பதும் பேசுவதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிற மொழிக்காரர்களுக்கு அது லேசு. எனக்கு எந்தக் குரல் சொந்தக் குரல்? பேச்சுத் தமிழில் மறுபடி எழுதினேன். 180 சொல்லுக்கு வெட்டினேன்.

எதை வெட்டினேன் என்பதுதான் விஷயம். முதல் வரைவில் அக்கா வாங்கிய சைக்கிள் இருந்தது. வேலைக்குப் போகிற வேனில் எல்லோரும் சேர்ந்து பாட்டுப் பாடியது இருந்தது. இரண்டும் போயின. ஏன் போயின? லாம்பர்ட் பிறகு அந்த ஏழு கூறுகளை ஏழு படிகளாக மாற்றினார். முதல் படி, இந்தக் கதை உனக்கு என்ன உணர்த்தியது என்று கண்டுபிடிப்பது. என் உணர்தல், அவள் தியாகத்தில் நான் நிற்கிறேன் என்பது. சைக்கிள் வாங்கிய சந்தோஷம் அதற்கு உதவவில்லை. சிக்கனம் என்ற பெயரில் கத்தரி சரியாக அந்த இடத்துக்குப் போனது.

இந்த வடிவத்தோடு எனக்குள்ள சண்டை இதுதான். உன் கதையைச் சொல், அடுத்தவர் கதையைச் சொல்லாதே என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் வீடு என்பது தனித்தனிக் கதைகளாகவா இருக்கிறது? 'நான்' மட்டும் பேசலாம் என்றால், கூட இருந்தவர்கள் எல்லாரும் என் ஞானத்துக்கு மூலப்பொருள் ஆகிவிடுகிறார்கள். நான் பார்த்த டிஜிட்டல் கதைகளில் நிறைய, கடைசி இருபது வினாடியில் குரல் தழைந்து, பியானோ ஏறி, ஒரு பாடத்தில் போய் உட்கார்கின்றன. இழவு வீட்டில்கூட யாராவது காபி சரியில்லை என்று சொல்வார்களே, அந்த வரிக்கு அங்கே இடமே இல்லை.

படங்கள் விஷயத்தில் நான் செய்தது இன்னும் மோசம். ஆல்பம் என்று ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும் என்று இந்த வடிவம் எடுத்துக்கொள்கிறது. அக்காவின் சின்ன வயதுப் படமாக எங்கள் வீட்டில் இருப்பது பள்ளிக்கூட குரூப் போட்டோ ஒன்றுதான். அதில் அவள் முகத்தில் பாதியை முன்வரிசைப் பெண்ணின் ரிப்பன் மறைத்திருக்கும். அதனால் இணையத்திலிருந்து, தீப்பெட்டி ஒட்டும் ஒரு சிறுமியின் படத்தை எடுத்து வைத்தேன். "யாரு வீட்டுப் புள்ளையோ, பாவம்" என்றாள் அக்கா.

பட்டறைகளில் கதை வட்டம் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து வாயால் சொல்வார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். இந்த வடிவத்தின் உயிரே அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நான் தனியாக லேப்டாப் முன்னால் கற்றுக்கொண்டவன். அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டேன்.

"ஒனக்காகன்னு யாரு சொன்னா?" என்றாள் அவள். "வீட்ல காசு இல்ல, அது நெசம். ஆனா நான் நின்னது அந்தக் கணக்கு டீச்சருக்குப் பயந்து. நிப்பாட்டுனதும் ரெண்டு நாள் நிம்மதியா தூங்குனேன். அப்புறந்தான் அழுதேன்."

போனை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஸ்கிரிப்ட் இல்லை. பதினோரு நிமிடம் பேசினாள். நடுவில் குக்கர் மூன்று விசில் அடித்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "இந்தச் சத்தமெல்லாம் வருமாடா?" என்று கேட்டாள். வரும்க்கா என்றேன்.