திருப்பி அனுப்பப்பட்ட பாடல்

நூலாசிரியர் எனும் பெயர் பெறக் கல்லறைக்கு அப்பாலும் காத்திருந்தவர், இயேசு சபைக் குருவான ஆங்கிலக் கவிஞர் ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ். 1875 டிசம்பரில் ‘டாய்ச்லாந்து’ கப்பல் விபத்தில் மாண்ட ஐந்து பிரான்சிஸ்கன் கன்னியரை நினைந்து அவர் பாடிய நெடும்பாடலை, அவருடைய சபையாரின் ‘தி மந்த்’ இதழே வெளியிடவில்லை. 1889இல் அவர் மறைந்தார். நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் பதிப்பித்த தொகுப்பு 1918இல்தான் வந்தது. அச்சானவை 750 படிகளே.

அசைகளை எண்ணாது அழுத்தங்களையே எண்ணும் அவரது சந்தம், அலைபோல் நம்மீது மோதுகிறது. அன்று குறையாகத் தோன்றிய அக்கரடுமுரடே பாடலின் உயிர் என்போம். அவரது பொறுமையைப் புகழ்வது எளிது. மறுத்தவர்களைப் பழிப்பது அதனினும் எளிது. புரியவில்லை என்பதற்காகவே இளம் படைப்பாளி ஒருவரை நாமும் திருப்பி அனுப்புகிறோமா என்று நம்மையே கேட்பதுதான் அரிது.