மின்னூலகங்களும் பாட ஆராய்ச்சியும்

ஒரு நூலைப் பலரும் பெறுமாறு செய்தல் வேறு. அந்நூலைப் பிழையின்றிப் பெறுமாறு செய்தல் வேறு. முன்னது கொடை, பின்னது புலமை. இரண்டும் ஒருங்கே அமைந்தாலன்றி ஆராய்ச்சி செழிக்காது. கடந்த கால் நூற்றாண்டிற்கு மேலாகத் தமிழுக்கு வாய்த்துவரும் மின்னூலகங்களை மதிப்பிடப் புகுவார்க்கு இவ்வேறுபாடே அளவுகோலாதல் வேண்டும்.

அவற்றின் கொடைச் சிறப்பை முதற்கண் கூறுதல் முறை. 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு உலகத்தார் அனைவர்க்கும் விலையின்றி வழங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளிற் பரவிய தமிழன்பர்கள் ஊதியம் கருதாது உழைத்தனர். 2005-இல் தோன்றிய நூலகம் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் காத்துவருகிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் நூல் இல்லாத நூலுக்கு ஒப்பாகும் என்பது அத்தீ கற்பித்த பாடம். சிங்கப்பூரிலும் 2015-இல், நாடு பொன்விழாக் கண்ட ஆண்டில், விடுதலைக்குப் பின் இங்கு வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350 மின்வடிவம் பெற்றன.

அறிவைப் பூட்டிவைத்தல் ஆகாது என்பது இன்று உலகம் ஏற்ற கொள்கை. 2003-இல் வெளியான பெர்லின் அறிக்கை அக்கொள்கையை அறிவியலுக்கு மட்டுமன்றி, மொழி, இலக்கியம், வரலாறு முதலிய மானிடப் புலங்களுக்கும் உரியதாக்கிற்று. ஆயின், கதவைத் திறந்து வைப்பதோடு கடமை முடிந்துவிடுகிறதா? உள்ளே இருக்கும் பொருள் எத்தகையது என்று வினவுதல் குற்றமாகுமா?

நூலின் பிறப்பிடம்

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதற்குமுன் அவர் பல ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கினார். மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமையும், ஒகர ஓகார வேறுபாடு காட்டாமையும் ஏட்டெழுத்தின் இயல்பு. ‘கொல்’ என்பதும் ‘கோல்’ என்பதும் அங்கே ஒரே வடிவில் நிற்கும். இன்னது பாடம் என்று துணிவதற்கு இலக்கணமும் பொருளும் பிற ஏடுகளின் சான்றும் வேண்டியிருந்தன. அத்துணிவுக்குப் பின்னரும், தாம் கொள்ளாத பாடங்களைப் பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பில் காட்டினர். தம் முடிவு பிழையாயின் பின்வருவோர் திருத்திக்கொள்ள வழிவைத்த பெருந்தன்மை அது.

இந்த அடிக்குறிப்பே மின்னூலில் முதலில் உதிர்வது. மூலம் மட்டும் தட்டச்சேறுகிறது. பாட வேறுபாடும், முகவுரையும், ஏடு தந்தார் பெயரும் பின்தங்கிவிடுகின்றன. தொடக்க காலத்து மின்னூல்கள் சிலவற்றில் எப்பதிப்பைப் பார்த்துத் தட்டச்சிட்டனர் என்னும் குறிப்பும் இல்லை. பின்வந்த பலவற்றில் இக்குறை நீங்கியிருப்பது பாராட்டத்தக்கது. எனினும், பிறப்பிடம் தெரியாத நூல்கள் அங்கிருந்து வேறு பல தளங்களுக்குப் படியெடுக்கப்பட்டுவிட்டன. ஒரு பிழை பத்து இடங்களில் காணப்படும்போது, அது பத்துச் சான்றுகள் உடைய பாடம்போலத் தோன்றி மயக்குகிறது. ஏடெழுதுவோர் செய்த பிழை ஊர்தோறும் பரவ ஆண்டுகள் பல ஆயின. இப்பிழை பரவ ஒரு நாழிகையும் வேண்டுவதில்லை.

தேடலின் எல்லை

மின்னூலகத்தின் பெரும்பயன் சொல்தேடல் என்பர். அது மெய்யே. ஒரு சொல் சங்க நூல்களில் வருமிடங்களைத் தொகுக்க முன்னர் மாதங்கள் ஆயின. இன்று நொடிகள் போதும். ஆனால் தமிழ் புணர்ச்சியுடைய மொழி என்பதைக் கணினி தானே அறியாது. ‘கடல்’ என்று தேடினால் ‘கடற்கரை’ அகப்படாது. ‘கடனீர்’ என்று நிற்கும் கடல்நீரும் அகப்படாது. சீர் பிரித்த இடத்தில் ஒரு சொல் இரண்டாகப் பிளந்து நிற்பதும் உண்டு. சந்தி பிரித்த பதிப்பில் கிடைக்கும் கணக்கு வேறு. பிரிக்காத பதிப்பில் கிடைக்கும் கணக்கு வேறு. இதனை எண்ணாது, ‘இச்சொல் இந்நூலில் இல்லை’ என்று முடிவுகட்டுதல் ஆராய்ச்சி ஆகாது.

அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து, அதிலிருந்து எழுத்துகளைக் கணினியே படித்தறியும் முறையிலும் இடர் உண்டு. ரகரமும் துணைக்காலும் வடிவில் நெருங்கியவை. மங்கிய அச்சில் ‘மரம்’ என்பது ‘மாம்’ ஆகிவிடும். ஏட்டுக் காலத்து மயக்கமே வேறொரு கோலத்தில் மீண்டும் வந்திருக்கிறது.

மலேசியா, சிங்கப்பூர் வாழ் தமிழர்க்கு இது நெருங்கிய செய்தி. சிந்தாமணி அச்சேறிய அதே 1887-இல்தான் சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ என்னும் இதழ் தோன்றிற்று. சிந்தாமணிக்குப் பல ஏடுகளும் பல பதிப்புகளும் உள. ஒன்றில் ஐயம் எழுந்தால் மற்றொன்று தீர்க்கும். பழைய இதழ்களுக்கு அத்தகைய துணை அரிது. எஞ்சிய ஒரு படியே சான்று. அதன் எழுத்தைப் பிழைபடப் படித்துவிட்டால், ஒரு தோட்டத்தின் பெயரோ ஒரு சங்கத்தின் பெயரோ வரலாற்றிலிருந்தே மறைந்துபோகும். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் ‘தமிழ் முரசு’ உள்ளிட்ட பழைய நாளிதழ்களின் பக்கங்களைப் படமாகவே இணையத்தில் காணச் செய்திருப்பது, இவ்வகையில் அறிவுடைச் செயலாகும்.

யார் கடமை?

ஊதியமின்றித் தட்டச்சிட்டோரிடம் குறைகாணுதல் நன்றன்று என்று சிலர் கூறலாம். குறை அவர்பால் இல்லை. அவர்கள் படிக்கும் நூலைத் தந்தனர். அதனைச் சோதியாமல் ஆராய்ச்சி நூலாகக் கொண்டவர்களே வினவப்பட வேண்டியவர்கள். இணையத்தில் எடுத்த அடியை ஆண்டுவிட்டு, கண்ணாற் காணாத அச்சுப் பதிப்பின் பக்க எண்ணை அடிக்குறிப்பில் இடுவாரும் உளர். இஃது ஆராய்ச்சி நேர்மைக்கு இழுக்கு. மின்னூலைப் பார்த்தவர் மின்னூலையே சுட்டுதல் வேண்டும். அதில் தாழ்வொன்றும் இல்லை.

மின்னூலகங்கள் செய்யத்தக்கவை மூன்று. ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் மூலப் பதிப்பின் ஆண்டும் பதிப்பாசிரியர் பெயரும் குறிக்கப்படல் வேண்டும். தட்டச்சிட்ட பாடத்தின் அருகே அச்சுப் பக்கத்தின் படமும் இருத்தல் வேண்டும். பிழை திருத்தப்படும்போது, எது எந்நாளில் திருத்தப்பட்டது என்னும் குறிப்பு நிலைத்திருத்தல் வேண்டும். அச்சு நூலின் இறுதியில் முன்னோர் சேர்த்த ‘பிழையும் திருத்தமும்’ என்னும் ஒற்றைத் தாள் இப்பணியைத்தான் செய்தது.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, பொறுப்புணர்ச்சியே வேண்டும். ஏடு காத்தவர்கள் நூலைத் தந்தார்கள். பதிப்பித்தவர்கள் நூலோடு அதன் சான்றையும் தந்தார்கள். இக்காலத்தார் நூலை உலகுக்கெல்லாம் தருகின்றனர். அதனோடு சான்றையும் சேர்த்துத் தருவாராயின், கொடையும் புலமையும் ஒன்றாகும்.