தரவின் சாவி யாரிடம்?

ஆய்வுத் தரவு மேலாண்மை பற்றிப் பயிலரங்கு நடத்துவது பல்கலைக்கழகங்களில் இப்போது ஒரு மோஸ்தர். எந்த ஊரில் நடந்தாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பாகத் திரையில் ஓர் அட்டவணை வந்துவிடும். இடது ஓரத்தில் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், பல்கலைக்கழக சர்வர், துறையில் வாங்கி வைத்த சேமிப்புப் பெட்டி, வெளி ஹார்டு டிஸ்க். மேல் வரிசையில் கொள்ளளவு, வேகம், கட்டணம், பகிரும் வசதி, பாதுகாப்புத் தரம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் இதற்கென்று ஒரு தேர்வுக் கருவியையே உருவாக்கிப் பொதுவில் வைத்தது. சில கேள்விகளுக்கு டிக் அடித்தால் பொருந்தாதவை விலகிவிடும். மிஞ்சியவற்றை அருகருகே வைத்து ஒப்பிடலாம். வேறு பல்கலைக்கழகங்களும் அதை எடுத்துத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டன. சரியான இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் தரவு பத்திரம் என்பது இந்த அட்டவணைகள் தரும் உறுதிமொழி. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அட்டவணையால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. நோயாளிகளின் பெயரும் முகவரியும் உள்ள கோப்பைச் சொந்த ஜிமெயில் கணக்கில் ஏற்றி வைக்கும் ஆய்வாளரை அது தடுக்கும். மரபணு வரிசைகளுக்கும் நேர்காணல் எழுத்துப்படிகளுக்கும் ஒரே இடம் சரிவராது என்பதைப் புரியவைக்கும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய விதியை முதலாண்டு மாணவர்கூட ஒப்பிக்கிறார் என்றால் அதுவும் இந்தப் பயிலரங்குகளின் புண்ணியம்தான்.

ஆனால் அட்டவணை கேட்பதெல்லாம் இன்றைக்கான கேள்விகள். எவ்வளவு இருக்கிறது, யாரோடு பகிர வேண்டும், எத்தனை வேகம் வேண்டும். பத்தாண்டு கழித்து இந்தத் தரவைத் திறக்கும் சாவி யார் கையில் இருக்கும், அதுவரை செலவை யார் ஏற்பார் என்று அது கேட்பதில்லை. படிப்போ பணியோ முடிந்ததும் கணக்கு மூடப்படும் என்று சில பல்கலைக்கழகங்கள் நேர்மையாக ஒரு வரி சேர்க்கின்றன. அதுவும் ஓரத்து எச்சரிக்கையாக நிற்கிறதே தவிர, தேர்வின் அளவுகோலாக மாறுவதில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் அறை எத்தனை, தண்ணீர் எப்படி என்று விசாரித்த கையோடு, ஒப்பந்தம் எத்தனை மாதம் என்றும் கேட்காமல் திரும்ப மாட்டார். ஐந்தாறு ஆண்டு உழைப்பைக் குடிவைக்கும் இடத்தில் நாம் அதைக் கேட்பதில்லை.

கூகுளின் கதை எல்லோருக்கும் தெரியும். 2014-இல் கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாத இடம் இலவசம் என்றது. அட்டவணைகளில் கொள்ளளவுக் கட்டத்தில் ‘வரம்பில்லை’ என்று ஏறியது. மற்ற எல்லாத் தேர்வுகளும் அதன் முன்னால் சப்பென்று ஆயின. 2021 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது: 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனத்துக்கு அடிப்படையாக மொத்தம் 100 டெராபைட்தான். பத்தாயிரம் பேர் இருக்கும் பல்கலைக்கழகத்தில் சமமாகப் பங்கு வைத்தால் தலைக்கு 10 ஜிகாபைட். தெருவில் போகும் யார் ஜிமெயில் தொடங்கினாலும் கூகுள் சும்மா கொடுப்பதே 15. மைக்ரோசாஃப்டும் 2024-இல் அதே வழிக்கு வந்து சேர்ந்தது.

நிறுவனங்களைத் திட்டிப் பயனில்லை. வணிகம் கணக்குப் பார்க்கும், பார்க்கட்டும். பல்கலைக்கழகங்கள் என்ன செய்தன என்பதுதான் என் கவலை. இடம் நெருக்கியதும் பல இடங்களில் முதல் வெட்டு விழுந்தது படிப்பை முடித்துப் போனவர்களின் கணக்குகளில். முடிந்த ஆய்வுகளின் தரவு கிடப்பதே அவற்றில்தான். பிறகு அட்டவணை திருத்தப்பட்டது: ‘வரம்பில்லை’ இருந்த கட்டத்தில் ஓர் எண் வந்தது. மாறியது அவ்வளவுதான். யாரோ ஒருவரின் முடிவால் எட்டாண்டில் ஒரு தேர்வே தலைகீழாகும் என்றால், அந்த ‘யாரோ’வுக்கு அட்டவணையில் ஒரு கட்டம் வேண்டாமா?

சொந்த சர்வரே மேல் என்று உடனே ஒரு கட்சி கிளம்பும். அவர்களுக்குக் கியோட்டோ இருக்கிறது. 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் சேமிப்பகத்திலிருந்து சுமார் 3.4 கோடி கோப்புகள் அழிந்தன, 77 டெராபைட். தீ இல்லை, வைரஸ் இல்லை. அழித்தது பேக்கப் எடுக்கும் நிரல். பத்து நாளுக்கு மேற்பட்ட பழைய பதிவுக் கோப்புகளைக் களைவது அதன் வேலைகளில் ஒன்று. அமைப்பை வழங்கிப் பராமரித்த ஹியூலெட் பேக்கர்டு என்டர்பிரைஸ் அந்த நிரலைத் திருத்தி, பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் எழுதிவிட்டது. ஓடிக்கொண்டிருந்த நிரல் நடுவழியில் புதிய வரிகளைப் படித்தது. எந்த இடத்தில் அழிக்க வேண்டும் என்று சொல்லும் மாறி வெறுமையாக இருந்தது. பதிவுக் கோப்புகளோடு நிற்காமல் ஆய்வாளர்களின் கோப்புகளையும் துடைத்துக்கொண்டு போயிற்று. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்களின் தரவைப் பேக்கப்பிலிருந்து மீட்க வழியில்லை. நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றது.

இதைப் படிப்பவர்கள் பொதுவாகப் பேக்கப்பின் அவசியம் பற்றிப் பேசுவார்கள். என்னை ஈர்ப்பது வேறொன்று. எத்தனை கோப்பு, எத்தனை குழு, எந்தத் தேதி, யார் தவறு என்று எல்லாவற்றையும் அவர்களால் சொல்ல முடிந்தது. தொலைந்ததை எண்ணிச் சொல்ல அங்கே ஒரு காவலர் இருந்தார். நம் பல்கலைக்கழகங்களில் தரவு தொலையும்போது யாருக்கும் தெரிவதில்லை. பத்திரிகைச் செய்தி ஆவதற்கு அது எங்கோ இருந்ததாகப் பதிவாவது இருந்திருக்க வேண்டுமே.

நடப்பது இதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு. வாய்மொழித் தேர்வு முடிந்து மாலை, பழக்கூடை, புகைப்படம். ஆய்வேடு பிடிஎஃப் வடிவில் காந்திநகரின் இன்ஃப்லிப்நெட் நடத்தும் சோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியத்துக்குப் போய்விடும், நல்ல ஏற்பாடு. ஆய்வேட்டுக்கு அடியில் கிடக்கும் மூலத் தரவு ஆய்வாளரின் மடிக்கணினியோடு அவர் புது வேலைக்குப் போகும். ஒரு பிரதி நெறியாளரின் பீரோவில், ரப்பர் பேண்டு சுற்றிய ஹார்டு டிஸ்க்காக இருக்கலாம். நெறியாளர் ஓய்வுபெறும் நாளில் அந்த பீரோவைக் காலி செய்கிறவர் உதவியாளர். ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பான டிஎஃப்ஜி, தரவைப் பொதுவாகப் பத்தாண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது. நம் ஆய்வாளரின் பல்கலைக்கழகக் கணக்குக்கு அதில் பாதி ஆயுளே அதிகம்.

இடம் போதாததால் இது நேர்கிறது என்றால் ஒப்புக்கொள்ளலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒப்பாரியோ கூத்துப்பாட்டோ வட்டார வழக்கோ பதிவு செய்யக் கிராமம் கிராமமாகப் போகும் தமிழ்த்துறை ஆய்வாளர், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்று நல்ல தரத்தில் பதிந்தாலும் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு ஜிகாபைட்தான் ஆகும். இருநூறு மணி நேரம் என்றாலும் 200 ஜிகாபைட். கல்லூரி வாசலில் உள்ள கடையில் கிடைக்கும் பென் டிரைவ் ஒன்றுக்குள் அடங்கிவிடும். ஆனால் பாடிய கிழவி இன்னொரு முறை பாட இருக்க மாட்டார். ஆய்வுக்கூடச் சோதனையைத் திரும்பச் செய்யலாம். இதைச் செய்ய முடியாது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் நாற்பது பக்க எழுத்துப்படி இருக்கும், அந்தக் குரல் இருக்காது. கொள்ளளவு, வேகம் என்று எந்தக் கட்டத்தை நிரப்பினாலும் இந்த இழப்பைத் தடுத்திருக்க முடியாது.

டிம் வைன்ஸும் சக ஆய்வாளர்களும் இந்தத் தேய்மானத்தையே அளந்தார்கள். 1991 முதல் 2011 வரை வெளியான, உயிரினங்களின் உருவ அளவீடுகளைப் பயன்படுத்திய 516 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் மூலத் தரவைக் கேட்டார்கள். கட்டுரைக்கு வயது ஒவ்வொரு ஆண்டு கூடும்போதும், தரவு இன்னும் இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 17 விழுக்காடு குறைந்தது. முடிவு 2014-இல் ‘கரன்ட் பயாலஜி’ இதழில் வந்தது. அவர்கள் சொன்ன முக்கியத் தடைகள் இரண்டு: வேலை செய்யாத மின்னஞ்சல், படிக்க முடியாத பழைய சேமிப்புக் கருவி. முதலாவதைக் கவனியுங்கள். தரவு எங்கோ இருந்திருக்கலாம். கேட்க ஆள் இல்லாமல் போயிற்று.

தேர்வை உண்மையில் தீர்மானிப்பது அட்டவணை அல்ல, கணக்குப் பிரிவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். திட்ட நிதி பெரும்பாலும் மூன்றாண்டுக்கு வருகிறது. உபகரணம் என்ற தலைப்பில் ஹார்டு டிஸ்க் வாங்கலாம். பில் உண்டு, ஜிஎஸ்டி உண்டு, பயன்பாட்டுச் சான்றிதழில் அழகாக உட்காரும். மாதாமாதம் கட்ட வேண்டிய கிளவுட் வாடகைக்கு அந்தப் படிவத்தில் இடம் தேடினால் தணிக்கை ஆட்சேபணைதான் மிச்சம். திட்டம் முடிந்த மறுநாளிலிருந்து கட்டுவதற்கோ ஆளே இல்லை. ஆகவே எந்தப் பயிலரங்குக்குப் போய் வந்தாலும் பேராசிரியர் வாங்குவது ஹார்டு டிஸ்க். அதை வாங்கியதும் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றுவார்கள்: வரிசை எண், விலை, நாள், எந்த அறை. ஆண்டுதோறும் சரிபார்ப்புக் குழு வந்து பெட்டி இருக்கிறதா என்று பார்க்கும். உள்ளே என்ன இருக்கிறது, அது திறக்கிறதா என்று எந்தக் குழுவும் பார்ப்பதில்லை. சில ஆயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு ரெஜிஸ்டர் இருக்கிறது. பல லட்சம் மானியத்தில் உருவான தரவுக்கு ஒரு வரி இல்லை.

உலகம் முழுக்கப் பதிப்பகங்கள் வெளியிடும் ஆய்விதழ்களைப் படிக்க ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிய நாடு இது. இதையும் தரவுப் பாதுகாப்பையும் ஒப்பிடுவது முழு நியாயமில்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும், பிறர் எழுதியதைப் படிக்கக் காட்டும் அக்கறையில் ஒரு துளி, நாம் திரட்டியதை வைத்திருப்பதில் வேண்டும்.

காவலர் யார் என்று முதலில் தீர்மானித்த இடங்களும் இருக்கின்றன. ஜெனீவாவில் செர்ன் ஆய்வகம் நடத்தும் செனோடோ என்ற தரவுக் களஞ்சியத்தில் ஒரு பதிவுக்கு 50 ஜிகாபைட் வரை இலவசமாக வைக்கலாம். அட்டவணையில் அது சுமாரான எண். ஆனால் அவர்கள் கொள்கையிலேயே எழுதியிருக்கிறார்கள்: செர்ன் இருக்கும் வரை இது இருக்கும், செர்னுக்குக் குறைந்தது இன்னும் இருபதாண்டுக்கு வேலை இருக்கிறது என்று. நான் தேடும் கேள்விக்கு அது நேரடியான பதில். ஆஸ்திரேலியாவில் 2003-இல் தொடங்கிய பாரடிசெக், மொழியியலாளர்களும் இசை ஆய்வாளர்களும் பசிபிக் பகுதியில் பதிந்த பழைய ஒலிநாடாக்கள் வீடுகளிலும் அலுவலகங்களிலும் கேட்பாரற்றுக் கிடந்ததைப் பார்த்துப் பல்கலைக்கழகங்கள் கூடி எழுப்பிய காப்பகம். இந்தியாவிலும் 2022 நவம்பரில் ஃபரீதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையம் சுமார் நான்கு பீட்டாபைட் கொள்ளளவோடு திறக்கப்பட்டது. உயிரியல் ஆய்வாளர்களுக்கு இனி சாக்குச் சொல்ல முடியாது. ஒப்பாரி பதிந்தவர்களுக்கு அந்த வாசல் பொருந்தாது.

புதுக் கட்டடமும் புதுக் கொள்கை ஆவணமும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம்மிடம் ஏற்கெனவே வலிமையான ஒரு காகிதம் இருக்கிறது: நோ டியூஸ் படிவம். நூலகத்தில் ஒரு புத்தகம் பாக்கி என்றால் பட்டம் வராது. விடுதி மெஸ் கணக்கு தீராவிட்டாலும், ஆய்வுக்கூடத்தில் ஒரு பீக்கர் குறைந்தாலும் கையெழுத்து கிடைக்காது. அதில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம். மூலத் தரவு இன்ன இடத்தில், இந்தப் பெயரில், இத்தனை ஆண்டுக்கு வைக்கப்பட்டுள்ளது, கடவுச்சொல்லும் கோப்பு விளக்கமும் ஒப்படைக்கப்பட்டன, பெற்றுக்கொண்டவர் நூலகர். நெறியாளர் பெற்றுக்கொண்டால் போதாது, அவரும் ஒருநாள் போய்விடுவார்.

துணைவேந்தர்களும் பதிவாளர்களும் அடுத்த பயிலரங்குக்கு நிதி ஒதுக்கும் முன் இந்த ஒரு வரியை அச்சடிக்க ஆணையிட வேண்டும். அதற்கு அரசாணை தேவையில்லை. ஆட்சிமன்றக் குழுவில் ஒரு தீர்மானம் போதும்.